சான்றிதழ் இல்லாத பாட்டு: விசுவநாததாஸ் முதல் அறிவு வரை

மதுரையிலிருந்து தெற்கே போகையில் கப்பலூர் சுங்கச்சாவடியைத் தாண்டினால் திருமங்கலம். தியாகி விசுவநாததாஸ் வாழ்ந்த வீடு அங்கே அரசு நினைவில்லமாக இருக்கிறது. தமிழ் ராப் பாடகர்களின் கருத்துரிமையை ஆராய்வோர் பெரும்பாலும் அமெரிக்க ஹிப்ஹாப்பிலிருந்தே தொடங்குகிறார்கள். சட்டத்தின் முன் அப்பாடகர்களுக்கு நெருங்கிய முன்னோடி இந்த நாடக நடிகர்தான் என்பது என் வாதம்.

தாஸ் 1886இல் சிவகாசியில் பிறந்தவர். 1876ஆம் ஆண்டின் நாடகச் சட்டம், நாடகங்களைத் தடைசெய்யும் அதிகாரத்தை அரசுக்குத் தந்திருந்தது. ஆனால் அவர் நடித்த ‘வள்ளி திருமணம்’ நாடகத்தை என்ன சொல்லித் தடைசெய்வது? ஊரே அறிந்த முருகன் கதை. தினைப்புனத்தில் பறவை விரட்டும் கட்டம் வந்ததும் வெள்ளைக் கொக்குப் பாட்டு வரும். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதியது என்பர். கொக்கு என்றது வெள்ளைக்காரரை என்பதற்குக் கொட்டகையில் யாருக்கும் பொழிப்புரை தேவைப்படவில்லை. ஸ்பெஷல் நாடகத்தின் அமைப்பே இதற்கு இடங்கொடுத்தது: கதை பழசு, பாட்டும் தர்க்கமும் நடிகர் கையில். பிரதியைப் படித்துப் பார்த்துப் பயனில்லை. போலீசார் கொட்டகைக்கே வந்து, காதால் கேட்டு, பாடியவரைப் பிடிக்க வேண்டும். பிடித்தார்கள். பலமுறை சிறை சென்ற தாஸ், 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் நீத்தார். முடிதிருத்தும் மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு நடிக்க மறுத்த நடிகைகளும் உண்டு. மேடைக்கு எல்லை போட்டது சர்க்கார் மட்டுமல்ல.

சினிமாப் பாட்டு 1952ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டப்படி சான்றிதழ் பெற்றே திரைக்கு வருகிறது. சில வரிகள் வெட்டுப்படலாம். மிஞ்சியதற்கு அந்தச் சான்றிதழே கவசம். தனியிசைக்கு வெட்டும் இல்லை, கவசமும் இல்லை. இதைச் சுதந்திரம் என்று கொண்டாடுவோர் இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறார்கள். ராப் பாடகர் நிற்பது தாஸ் நின்ற இடத்தில்தான். ஒரே வேறுபாடு, போலீசார் இனிக் கொட்டகைக்கு வரத் தேவையில்லை. பாட்டு இணையத்தில் நிரந்தரச் சாட்சியாகக் கிடக்கிறது.

ராப் பாடகர் அல்லாத கோவனின் வழக்கு இதைத் தெளிவாக்குகிறது. மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் இப்பாடகர், டாஸ்மாக்கையும் முதல்வர் ஜெயலலிதாவையும் விமர்சித்த பாடல்களுக்காக 2015 அக்டோபர் 30 அன்று திருச்சியில் கைதானார். பிரிவுகளில் ஒன்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 124ஏ, தேசத்துரோகம். வன்முறையைத் தூண்டாத விமர்சனம் அப்பிரிவுக்குள் வராது என்று கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962இலேயே சொல்லிவிட்டது. ஐம்பத்து மூன்று ஆண்டுப் பழைய தீர்ப்பால் ஒரு கைதைத் தடுக்க முடியவில்லை. அடுத்த மாதம் ஜாமீன் கிடைத்தது. ஆக, எல்லை வரையப்படுவது தீர்ப்பில் அன்று, எஃப்.ஐ.ஆருக்கும் ஜாமீனுக்கும் இடைப்பட்ட நாட்களில்.

அந்த நாட்களைத் தாங்கப் பணம் வேண்டும். ‘தெருக்குரல்’ (2019) தொகுப்பில் ‘ஆன்டி இந்தியன்’ என்றே ஒரு பாட்டுக்குப் பெயர் வைத்தவர் ராப் பாடகர் அறிவு. அவருடைய ‘எஞ்சாய் எஞ்சாமி’ 2021இல் உலகெங்கும் ஓடியது. அதே ஆண்டு ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் அப்பாட்டை உடன் பாடிய தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை, இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். இதைக் கருத்துரிமை மறுப்பு என்று சிலர் எழுதுகிறார்கள். நான் உடன்படவில்லை, அரசியலமைப்பின் 19ஆம் கூறு பத்திரிகை அட்டையைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அந்தப் பாட்டால் தனக்கும் அறிவுக்கும் தீக்கும் எந்த வருவாயும் வரவில்லை என்று 2024இல் அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகச் சொன்னார். அத்தனை ஓடிய பாட்டின் கதையே இதுவென்றால், பெயர் தெரியாத ஒரு ராப் பாடகர் வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவார்?

இம்ரான் பிரதாப்கடி வழக்கில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், ஒரு கவிதைக்காகப் போட்ட எஃப்.ஐ.ஆரை ரத்துசெய்தது. பேச்சு, எழுத்து தொடர்பான புகார்களில், மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவாகத் தண்டனையுள்ள குற்றமானால் முதலில் பூர்வாங்க விசாரணை நடத்துவதே எப்போதும் பொருத்தம் என்றது. மிக நல்ல தீர்ப்பு, எஃப்.ஐ.ஆர் போடும் இடத்திலேயே கைவைக்கிறது. ஆனால் 2022இல் நிறுத்திவைக்கப்பட்ட 124ஏயின் இடத்துக்கு, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு 2024 ஜூலையில் வந்துவிட்டது. அதற்குத் தண்டனை ஆயுள், அல்லது ஏழாண்டு வரை. பூர்வாங்க விசாரணை வரம்புக்குள் அது வராது.