சுவரும் கோடும்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் 'சம்சாரம் அது மின்சாரம்' மறுபடி பார்த்தேன். எத்தனையாவது தடவை என்று கணக்கில்லை. சின்ன வயதில் மனோரமா ஆச்சி வந்தால் சிரிப்பு, விசு கத்தினால் பயம், அவ்வளவுதான். ஊருக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறவனாகப் பார்த்தால் அது வேறு படம்.

இதை 1959-ல் வந்த 'பாகப்பிரிவினை'யோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. பீம்சிங் இயக்கியது. பாலையாவும் எஸ்.வி.சுப்பையாவும் அண்ணன் தம்பி, ஒரே கூரையின் கீழ் விவசாயக் குடும்பம். எம்.ஆர்.ராதா நுழைகிறார், கலகம் மூள்கிறது, வீட்டுக்கு நடுவே சுவர் எழும்புகிறது. கடைசியில் சுவர் இடிந்து எல்லோரும் ஒன்றாகிறார்கள். வடக்கேயும் இந்தக் கதை எடுபட்டது. 1965-ல் பீம்சிங்கே இந்தியில் 'கான்தான்' என்று எடுத்தார். சிவாஜி வேடத்தில் நடித்த சுனில் தத்துக்கு ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது.

அங்கே பிரிக்க வீடு இருந்தது, நிலம் இருந்தது. பூர்வீகச் சொத்தில் பிறக்கும்போதே மகனுக்குப் பங்கு என்பது பழைய மிதாட்சரச் சட்டம். அதனால்தான் சுவர். (நான் வேலை பார்க்கும் வட இந்திய ஊரில் மார்வாடிக் குடும்பங்கள் இன்றைக்கும் 'பிரிக்கப்படாத இந்துக் குடும்பம்' என்ற பெயரில் கணக்குத் திறக்க வருகிறார்கள். பெரியவர் 'கர்த்தா' என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போடுவார். பாதிக் காரணம் வருமான வரி, அது வேறு கதை.)

நிற்க. 1986-ல் விசுவின் அம்மையப்ப முதலியாரிடம் பிரிக்க என்ன இருந்தது? பிள்ளைகளின் சம்பளம். அதில் அப்பாவுக்குச் சட்டப்படி ஒரு பைசா உரிமை கிடையாது. 1930-லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. குடும்பப் பணத்தில் படித்திருந்தாலும், அந்தப் படிப்பால் சம்பாதிப்பது படித்தவனுக்கே சொந்தம் என்று. ஆக, சம்பளக்காரக் கூட்டுக் குடும்பம் என்பது ஒண்ணாம் தேதி யார் எவ்வளவு எடுத்து வைக்கிறார்கள் என்பதில்தான் நின்றது.

ரகுவரன் அங்கேதான் கை வைக்கிறார். மனைவி பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், ஒரு ஆள் குறைவு, அதனால் கொடுக்கும் பணத்தையும் குறைக்கிறார். வெளியே போ என்கிறார் அப்பா. தங்கை கல்யாணத்துக்குப் போட்ட பணத்தை எண்ணி வைத்தால் போகிறேன் என்கிறார் மகன். வீட்டுக்கு நடுவே கோடு விழுகிறது. ரகுவரனின் கூட்டல் கழித்தலில் பிழையே இல்லை. பேங்க்காரன் சொல்கிறேன்.

நானும் அந்தக் கழித்தலைப் போட்டவன்தான். 2011-ல் அம்மா என்னோடு நாலு மாசம் இருந்தபோது அண்ணனுக்கு அனுப்பும் தொகையைக் குறைத்தேன். அம்மா சாப்பாடு இங்கேதானே என்று. அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கப்புறம் இரண்டு வருஷம் தீபாவளிக்கு மட்டும்தான் பேசினோம். அண்ணிதான் ஒருநாள் போன் போட்டு, "தம்பி, பொங்கலுக்கு வர்றீங்க" என்றார். கேள்வி இல்லை, உத்தரவு.

படத்திலும் முடிச்சை அவிழ்ப்பது மூத்த மருமகள் லட்சுமிதான். மகன் மன்னிப்புக் கேட்டாயிற்று, இனி எல்லோரும் ஒன்றாக இருக்கலாம் என்று பெரியவர் பூரிக்கிறார். அப்போது லட்சுமி வேண்டாம் என்கிறார். தனித்தனியாக இருப்போம், விடுமுறை நாளில் வந்து பார்ப்போம், உறவு கெடாது என்று. 1959-ல் இப்படி முடித்திருந்தால் ஜனங்கள் ஏற்றிருப்பார்களா, சந்தேகம்தான். 1986-ல் சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தங்கத் தாமரை விருது கொடுத்தார்கள். அதை வாங்கிய முதல் தமிழ்ப் படம் அதுதான். தெலுங்கு, இந்தி, மலையாளம் எல்லாவற்றுக்கும் போனது.

ஞாயிற்றுக்கிழமை படம் முடிந்ததும் அண்ணனைக் கூப்பிட்டேன். முட்டி வலி, மழை, பெரியவளின் காலேஜ் என்று முக்கால் மணி நேரம் பேசினோம். அந்த நாலு மாசத்தை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.