அன்றாட எரிச்சல்களைக் கையாளுதல்: நோயாளிகளுக்கும் பராமரிப்பாளர்களுக்கும்

எதிர்பார்த்தது நடவாதபோதும் காத்திருப்பு நீளும்போதும் எழும் மனக்கொதிப்பும் சலிப்பும் மனித இயல்பே, அவை நோயல்ல. ஆயினும் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், பக்கவாதம் போன்ற நீண்டகால நோய்களுடன் வாழ்வோரிடமும் அவர்களைப் பராமரிப்போரிடமும் இந்த எரிச்சல் நாள்தோறும் சேர்ந்து, சிகிச்சையையே பாதிக்கக்கூடும்.

சிறியவை ஏன் பெரிதாகின்றன?

சென்னீர்குப்பத்திலிருந்து மருத்துவமனைக்குச் செல்லும் நாளை எண்ணிப் பாருங்கள். இரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றுடன் புறப்படுகிறீர்கள். ஆவடி–பூந்தமல்லி சாலையில் லாரிகளுக்கு இடையே பேருந்து ஊர்கிறது. சீட்டுக்கு ஒரு வரிசை, மருத்துவரைக் காண ஒரு வரிசை, மாத்திரைக்கு ஒரு வரிசை. வீடு திரும்பினால் தண்ணீர் லாரி வந்து சென்றுவிட்டது. தனித்தனியே இவை சிறியவை. ஆனால் "இனி மாத்திரை வாங்கச் செல்லப் போவதில்லை" என்ற முடிவு பெரும்பாலும் இத்தகைய நாளில்தான் பிறக்கிறது.

வாழ்வின் பெருநிகழ்வுகளைவிட அன்றாடத் தொல்லைகளே மனநலக் குறைபாட்டு அறிகுறிகளை நன்கு முன்னுணர்த்துகின்றன என்று உளவியலாளர் ரிச்சர்ட் லாசரஸும் உடன் ஆய்வாளர்களும் 1981ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினர்.

உடலில் நிகழ்வது என்ன?

எரிச்சலின்போது அட்ரினலின், கார்ட்டிசால் ஆகிய இயக்குநீர்கள் சுரக்கின்றன. இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன, தசைகள் இறுகுகின்றன. இரத்தச் சர்க்கரையும் கூடலாம். சற்று நேரத்தில் இவை தணிய வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக எரிச்சல் தொடர்ந்தால் தணிவதற்கு இடைவெளி கிடைப்பதில்லை. உறக்கம் கெடுகிறது, உறக்கம் கெட்டால் மறுநாள் எரிச்சல் மேலும் கூடுகிறது.

முதலில் உடற்காரணத்தைப் பாருங்கள்

இன்சுலின் அல்லது நீரிழிவு மாத்திரை எடுப்பவருக்குத் திடீரென வரும் சிடுசிடுப்பு, வியர்வை, நடுக்கம் ஆகியவை சர்க்கரை தாழ்ந்ததன் அடையாளமாக இருக்கலாம். அளவு 70 மி.கி.க்குக் கீழ் இருந்தாலோ, அளக்க வசதி இல்லாவிட்டாலோ, மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்து உடனே கொடுங்கள். 15 நிமிடங்களில் மீண்டும் சோதியுங்கள். குறைவாகவே இருந்தால் மறுபடியும் கொடுங்கள். நினைவிழந்தவருக்கு வாய்வழி எதுவும் கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள்.

தைராய்டு மிகைச் சுரப்பு, தீராத வலி, உறக்கமின்மை, ஸ்டீராய்டு மாத்திரைகள், மதுப் பழக்கம் ஆகியவையும் எரிச்சலைத் தூண்டும். இவற்றை மருத்துவரிடம் தெரிவியுங்கள். மருந்தைத் தாமாக நிறுத்த வேண்டாம்.

எரிச்சல் எழும் தருணத்தில்

- மூக்கின் வழியே மெதுவாக மூச்சை இழுத்து, இழுத்ததைவிடச் சற்று நீளமாக வெளிவிடுங்கள். நிமிடத்திற்கு ஆறு மூச்சு என்ற அளவில் சில நிமிடங்கள் தொடருங்கள்.
- "எனக்கு எரிச்சலாக இருக்கிறது" என்று மனத்திற்குள் பெயரிட்டுக் கூறுங்கள். பெயரிட்ட உணர்வு சற்று அடங்கும்.
- உங்களால் மாற்ற இயல்வது எது, இயலாதது எது எனப் பிரித்துப் பாருங்கள். வரிசையின் நீளம் உங்கள் கையில் இல்லை. கையில் உணவுப் பொட்டலம் எடுத்துச் செல்வது உங்களால் இயலும்.
- சிகிச்சையை நிறுத்துவது போன்ற முடிவுகளை அந்நேரத்தில் எடுக்காதீர்கள்.

அலைச்சலைக் குறைக்கும் வழி

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டிற்கே வழங்கப்படுகின்றன. இயன்முறை சிகிச்சையும் உண்டு. உங்களுக்கு இது பொருந்துமா என்பதை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியுங்கள்.

பராமரிப்பாளர்களின் கவனத்திற்கு

மறதிநோய் உள்ள முதியவர் ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்பது பிடிவாதமன்று. சற்றுமுன் கேட்டது அவர் நினைவில் பதியவில்லை. வாதிடாமல் சுருக்கமாக விடை கூறி, வேறு செயலில் கவனத்தைத் திருப்புங்கள். பக்கவாதத்திற்குப் பின் வரும் கோபமும் அழுகையும் பல வேளைகளில் மூளைப் பாதிப்பின் விளைவே.

கை ஓங்கத் தோன்றும் அளவுக்குச் சினம் வந்தால், நோயாளி பாதுகாப்பாக இருப்பதை உறுதிசெய்துவிட்டு அறையைவிட்டு வெளியே வாருங்கள். பொறுப்பைச் சற்று நேரம் வேறொருவரிடம் ஒப்படையுங்கள். இத்தகைய சினம் நீங்கள் தீயவர் என்பதற்குச் சான்றன்று. களைத்துவிட்டீர்கள் என்பதன் அறிகுறி. வாரத்தில் சில மணி நேரமாவது மற்றொரு குடும்ப உறுப்பினர் பராமரிப்பை ஏற்பது உங்கள் உரிமை; நோயாளிக்கும் அதுவே நன்மை.

எப்போது உதவி நாட வேண்டும்?

- எரிச்சலோ சோர்வோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால்
- உறக்கம், உணவு, வேலை ஆகியவை பாதிக்கப்பட்டால்
- எரிச்சலைத் தணிக்க மதுவை நாடினால்
- தமக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் எண்ணம் தோன்றினால், சிறிதும் தாமதிக்காமல்

'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416-ஐ 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 சேவையிலும் ஆலோசனை பெறலாம். நேரில் சிகிச்சை தேவைப்படுவோர் மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரை அணுகலாம். அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது, உடல் உபாதைகளுடன் உங்கள் எரிச்சலையும் உறக்கத்தையும் பற்றித் தயங்காமல் கூறுங்கள்.