வலியின்றி வளரும் பாதிப்புகள்: நீரிழிவு நோயாளிகள் அன்றாடம் கவனிக்க வேண்டியவை

இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவு நோயுடன் வாழ்கின்றனர், மேலும் 13.6 கோடிப் பேர் அந்நோய்க்கு முந்தைய நிலையில் உள்ளனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இணைந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு, 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீடு இது.

இரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருந்தால் விழித்திரை, சிறுநீரகம், நரம்புகள் ஆகியவற்றுக்குச் செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதடைகின்றன. மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுக்கான வாய்ப்பும் கூடுகிறது. இவை பெரும்பாலும் தொடக்கத்தில் எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. ஆகவே, உடல் நலமாக இருப்பதாகத் தோன்றுவதை மட்டும் நம்பி மருந்தை நிறுத்துவதும், பரிசோதனையைத் தள்ளிப்போடுவதும் ஆபத்தானவை.

தொடக்க ஆண்டுகளின் பயன்

2ஆம் வகை நீரிழிவு புதிதாகக் கண்டறியப்பட்ட 5,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டு, பிரிட்டனில் 1977 முதல் 1997 வரை ஓர் ஆய்வு நடைபெற்றது. சர்க்கரையைத் தீவிரமாகக் கட்டுப்படுத்திய பிரிவினரிடம் நுண் இரத்தக் குழாய் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன. ஆய்வு முடிந்தபின் இரு பிரிவினரின் சர்க்கரை அளவும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டது. எனினும், மேலும் 10 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தபோது அந்தப் பயன் நீடித்தது தெரியவந்தது. நோய் தெரியவந்த உடனேயே எடுக்கும் அக்கறைக்குப் பலன் நெடுநாள் உண்டு என்பதை இது காட்டுகிறது.

அறிந்திருக்க வேண்டிய அளவுகள்

* வெறும் வயிற்றில் ஒரு டெசிலிட்டருக்கு 80 முதல் 130 மில்லிகிராம். உணவு தொடங்கி 1 முதல் 2 மணி நேரத்தில் 180-க்குக் கீழ்.
* மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 7 சதவீதத்துக்குக் கீழ்.
* இரத்த அழுத்தம் 130/80-க்குக் கீழ்.

இவை கர்ப்பிணிகள் அல்லாத பெரியவர்களுக்கான பொதுவான இலக்குகள். முதியோருக்கும் பிற நோய் உள்ளவர்களுக்கும் மருத்துவர் இவற்றை மாற்றியமைப்பார். இரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி முடிவு உண்மை நிலையைக் காட்டாமல் போகலாம் என்பதால், அதனை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

உணவும் உடற்பயிற்சியும்

தட்டில் பாதியளவு காய்கறி மற்றும் கீரை, கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை, மீன் போன்ற புரத உணவு, எஞ்சிய கால் பங்கு சோறு அல்லது சப்பாத்தி என்பது எளிய அளவுகோல். அரிசிக்குப் பதிலாகக் கோதுமையோ சிறுதானியமோ உண்டாலும் அளவு மிகுந்தால் சர்க்கரை உயரவே செய்யும். வாரத்தில் 150 நிமிடங்கள் விரைவான நடை தேவை; தொடர்ந்து இரண்டு நாள்களுக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. புகைப்பிடிப்பதை முற்றிலும் கைவிட வேண்டும்.

சர்க்கரை தாழ்ந்தால்

இன்சுலின் அல்லது சிலவகை மாத்திரைகள் எடுத்துக்கொள்வோர் உணவைத் தவறவிட்டால் சர்க்கரை அளவு 70-க்குக் கீழே இறங்கக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் ஆகியவை இதன் அறிகுறிகள். உடனே 15 கிராம் குளுக்கோஸையோ, மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ நீரில் கரைத்து அருந்தி, 15 நிமிடங்களுக்குப் பின் மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். உயராவிட்டால் மறுபடியும் அருந்தலாம். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

பாதங்களுக்கு நாள்தோறும் ஐந்து நிமிடம்

நரம்பு உணர்விழந்த பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது. அந்தச் சிறு காயமே ஆறாப் புண்ணாகி, காலை அகற்றும் நிலைவரை கொண்டு செல்லக்கூடும். எனவே, இரவில் படுக்கும் முன் விரல் இடுக்குகளையும் உள்ளங்காலையும் கண்ணாடி வைத்தோ, வீட்டிலுள்ளவர் உதவியுடனோ பார்க்க வேண்டும்.

வீட்டுக்குள்ளும் காலணி அணிவது நல்லது. நண்பகலில் கோயிலின் கருங்கல் தரையில் வெறுங்காலுடன் நடப்பதைத் தவிர்க்க வேண்டும். வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் சோதிக்க வேண்டும். கால் ஆணியைப் பிளேடால் வெட்டக்கூடாது. மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும் என்பதால், புதிய காலணியை அந்நேரத்தில் வாங்குவதே பொருத்தம்.

ஆண்டுக்கு ஒருமுறை

பார்வை தெளிவாக இருந்தாலும் சொட்டு மருந்திட்டு விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சிறுநீரில் அல்புமின் கசிவு, இரத்தத்தில் கிரியாட்டினின், கொழுப்பின் அளவு, பாத நரம்புகளின் உணர்வு ஆகியவற்றையும் சோதிக்க வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதைக் கடந்தோருக்கு நீரிழிவு, இரத்த அழுத்தப் பரிசோதனைகள் செய்யப்படுகின்றன.

தாமதிக்கக் கூடாதவை

பாதத்தில் நிறமாற்றம் அல்லது சீழ், திடீர்ப் பார்வை மங்கல், நெஞ்சு வலி, நிற்காத வாந்தி ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் அன்றே மருத்துவரை அணுக வேண்டும். காய்ச்சலின்போது உணவு குறைந்தாலும் இன்சுலினைத் தாமாக நிறுத்தக்கூடாது; மருத்துவரிடம் கேட்டே அளவை மாற்ற வேண்டும்.