வெடிக்காத ராக்கெட்டுக்குத்தான் ஆயுசு

போன வருஷம் மிச்சம் வைத்த ராக்கெட்டை விடலாமா, தூக்கிப் போடலாமா? செம்பூர், மாட்டுங்கா வீடுகளில் தீபாவளிக்குத் தீபாவளி வரும் கேள்வி இது. நாலு மாச மழையில் நமுத்துப் போனதை பால்கனியில் காயவைத்து, 'விட்டுத்தான் பார்ப்போமே' என்பவர்கள் நம்மில் நிறைய உண்டு.

இதே கேள்வி இருநூறு வருஷத்துக்கு மேற்பட்ட ராக்கெட்டுகளுக்கும் வரும். 2018 ஜூலையில், கர்நாடகாவில் ஷிமோகா மாவட்டம் நகராவில் ஒரு பாழுங்கிணற்று மண் வெடிமருந்து வாசனை அடிக்கிறதே என்று தொல்லியல் துறையினர் தோண்டினார்கள். கிடைத்தது ஆயிரத்துக்கும் மேற்பட்ட துருப்பிடித்த ராக்கெட்டுகள். எல்லாம் திப்பு சுல்தான் காலத்துச் சரக்கு. அதே ஊரில் 2002-லேயே 160 கிடைத்திருந்தன.

நம்ம சிவகாசி ராக்கெட்டுக்குக் காகிதக் குழாய். மைசூர்க்காரர்கள் போட்டது இரும்புக் குழாய். உள்ளே அழுத்தம் ஏறினாலும் தாங்கும், அதனால் தூரம் போகும். 1780-ல் காஞ்சிபுரம் பக்கத்தில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை தோற்றதற்கு, ராக்கெட் பட்டு வெடிமருந்து வண்டிகள் வெடித்ததையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் பிடிபட்ட ராக்கெட்டுகள் கப்பலேறி இங்கிலாந்து போயின. அடுத்த சில வருஷங்களில் காங்ரீவ் தன் ராக்கெட்டைச் செய்தார். யோசித்துப் பாருங்கள், பொள்ளிலூரில் ஜெயித்த ராக்கெட்டுகள் சாம்பல். சண்டைக்கே போகாமல் கிணற்றில் கிடந்தவைதான் இன்று சாட்சி சொல்கின்றன.

சரி, ஆயிரம் இருக்கிறதே, ஒன்றை விட்டுப் பார்த்தால் என்ன? ஆசைதான். ஆனால் துரு தின்ற குழாய் தாங்காது. பழைய மருந்தில் விரிசல் விழுந்திருந்தால் ஒரே நேரத்தில் அதிக பரப்பு பற்றிக்கொள்ளும். அழுத்தம் எகிறி, ராக்கெட் குண்டாகிவிடும். பால்கனி ராக்கெட்டுக்கும் இதேதான், ஜாக்கிரதை! அப்படியே நல்லபடியாகப் பறந்தாலும், இரும்பை எப்படி அடித்தார்கள், மருந்தை எப்படி கெட்டித்தார்கள் என்ற விவரமும் கூடவே பறந்துவிடும். என்னைக் கேட்டால், பழசை அறுத்துப் படித்துவிட்டு அதே மாதிரி புதிதாக ஒன்று செய்து விடலாம்.

இதில் நம்ம மும்பைக்கும் பங்குண்டு. செம்பூருக்கு அடுத்த டிராம்பேயில் அணுசக்தித் துறை வேலையில் இருந்த சென்னைக்காரர் ஆர். அரவமுதன், சாராபாய் கூப்பிட்டதும் தும்பாவுக்குக் கிளம்பினார். அப்துல் கலாமை சாராபாய் இன்டர்வியூ செய்ததும் பம்பாயில்தான். பயிற்சிக்கு அமெரிக்கா போன கலாம், வாலப்ஸ் ராக்கெட் தளத்தின் வரவேற்பறையில் திப்பு படையின் ராக்கெட் ஓவியத்தைப் பார்த்து அசந்துபோனதை எழுதியிருக்கிறார்.

1963 நவம்பர் 21 அந்தியில் தும்பாவிலிருந்து கிளம்பிய நைக்-அப்பாச்சி சுமார் 200 கிலோமீட்டர் உயரம் போய், வானத்தில் ஒரு சோடியம் மேகத்தை விட்டுவிட்டுக் கடலில் விழுந்தது. அதைப் பூட்டிய மேரி மக்தலேனா தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகம். அங்கே நிற்பவை எல்லாம் பறக்காதவை. பறந்தது அரபிக்கடலில்.

நகரா ராக்கெட்டுகளை ஷிமோகா அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போனால் ஜோக் அருவியும் அதே மாவட்டம்தான், சேர்த்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.