சிரிஞ்சுக்குள் ஒரு மாட்டு வயிறு

தேவதானப்பட்டிப் பக்கம் புளியமரத்தைப் பார்த்தாலே எனக்கு இப்போது மாட்டு ஏப்பம்தான் ஞாபகம் வருது. காரணம் இருக்கு.

மாடு விடும் மீத்தேனில் பெரும்பகுதி ஏப்பமாக வாய் வழியாகத்தான் வருகிறது. அதை மாடு மாடாக அளப்பது பெரும்பாடு. அதனால் வயிற்றையே ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1948-ல் மெக்டூகல் ஆட்டு எச்சிலின் உப்புக் கணக்கைத் தந்தார். 1963-ல் இங்கிலாந்தின் டில்லியும் டெர்ரியும் செயற்கை எச்சிலோடு வயிற்றுச் சாற்றைக் கலந்து, தீவனம் எவ்வளவு செரிக்குதுன்னு பார்த்தார்கள். வாயுவை வெளியே விட்டுட்டாங்க!

1979-ல் ஜெர்மனியின் ஹோகன்ஹைம் பல்கலைக்கழகத்தில் மென்கே குழு அந்த வாயுவையே பிடித்தது. 100 மி.லி. கண்ணாடி சிரிஞ்ச், 200 மி.கி. தீவனம், வயிற்றுச் சாறும் கரைசலுமாக 30 மி.லி., 39 டிகிரி சூடு. நுண்ணுயிர்கள் வேலையை ஆரம்பித்ததும் வாயு பிஸ்டனைத் தள்ளும். 24 மணி நேரம் கழித்து அளவைப் படிக்கணும், அவ்வளவுதான். ஆனால் அதில் கரியமில வாயுவும் உண்டு; கரைசலின் பைகார்பனேட்டே அமிலம் பட்டதும் கொஞ்சம் விடும். மீத்தேனைத் தனியாகப் பிரித்து அளந்தாக வேண்டும்.

பெங்களூரில் 1995-ல் தொடங்கிய தேசிய கால்நடை ஊட்டச்சத்து, உடலியங்கியல் நிறுவனத்தின் ஆய்வில்தான் நம்ம புளி வருது. புளியங்கொட்டைத் தோலின் டானின் மீத்தேனைக் குறைக்கும். ஆனால் டானின் கூடினால் செரிமானமும் குறையும். சிரிஞ்சில் வாயு குறைந்தால், மீத்தேன் கிருமி அடங்கியதா, தீவனமே செரிக்கவில்லையா? இதைப் பிரிக்காத முடிவை நம்பித் தீவனத்தில் கலந்தால் நஷ்டம் பால்காரருக்குத்தான். டெஸ்ட் சர்வரில் ஓடின நிரல் நிஜத்தில் படுத்துக்கொள்வதை வாரா வாரம் பார்க்கிறவன் நான். மாட்டு வயிற்றுக் கிருமிகள் சில வாரங்களில் பழகியும்விடும். ஒருநாள் சிரிஞ்சுக்கு அது தெரியாது. அதனால்தான் சிரிஞ்சில் தேறியதை மறுபடி மாட்டிடமே கொண்டுபோகிறார்கள்.