சத்துணவுக் கூடத்தில் யார் கை படலாம்?

காதர்பேட்டையில் பனியன் வாங்குகிற யாரும், இதைத் தைத்த கை எந்தச் சாதி என்று கேட்பதில்லை. அதே திருப்பூர் மாவட்டத்தில், அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், சோறு ஆக்கிய கை எந்தச் சாதி என்று 2018 ஜூலையில் கேட்டார்கள்.

பாப்பாள் அருந்ததியர். வேறு பள்ளியில் சமையலராக இருந்து சொந்த ஊர்ப் பள்ளிக்கு மாறுதலாகி வந்தவர். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடமாட்டார்கள் என்று ஆதிக்க சாதியினர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அதிகாரிகள் என்ன செய்தார்கள்? பாப்பாளை இடம் மாற்றினார்கள். தீண்டாமை ஒழிப்பு முன்னணி உள்ளிட்ட அமைப்புகள் போராடிய பிறகே அந்த உத்தரவு ரத்தானது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. 2025 நவம்பரில்தான் தீர்ப்பு வந்தது: 6 பேருக்கு 2 ஆண்டு சிறை. ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன.

இந்தக் கதை 2018இல் தொடங்கவில்லை. 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டார்கள். பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதை எதிர்த்தார்கள். அந்தச் சண்டை, யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது. 1920இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சி தொடங்கிய மதிய உணவு, 1956இல் காமராசர் காலத்தில் விரிந்து, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவானது. பிள்ளைகள் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். அடுத்த கேள்வி அடுப்படிக்குப் போனது: யார் சமைக்கலாம்?

உச்சநீதிமன்றம் 2004 ஏப்ரலில் இதற்குப் பதில் சொன்னது. சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித், பழங்குடியினருக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றது.

உணவுப் பாதுகாப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. 2013இல் பீகாரின் சரண் மாவட்டத்தில் பூச்சிமருந்து கலந்த மதிய உணவைச் சாப்பிட்டு 23 குழந்தைகள் செத்தார்கள். செத்தவர்கள் ஏழை வீட்டுப் பிள்ளைகள். மதிய உணவுத் திட்ட வழிகாட்டு நெறிமுறைகள், பரிமாறும் முன் ஓர் ஆசிரியர் உட்பட இரண்டு மூன்று பெரியவர்கள் ருசிபார்க்க வேண்டும் என்கின்றன. எண்ணெய், தண்ணீர், பாத்திரம், இருப்பு அறை எல்லாவற்றையும் சோதிக்கட்டும். அதைக் கேட்க வேண்டியவர்களே நாம்தான்.

ஆனால் கிருமி வேறு, தீட்டு வேறு. கிருமி சோப்பில் போகும். தீட்டு கழுவுகிறவரின் கையிலேயே இருப்பதாகச் சொல்லப்படுவது. பிள்ளை சாப்பிட மறுத்தால் சமையலரை மாற்றுகிற அதிகாரி, தீட்டுக்குச் சுகாதாரச் சான்றிதழ் கொடுக்கிறார்.

2022இல் காலை உணவுத் திட்டம் வந்த பிறகும், 2023இல் தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியில் தலித் பெண் சமைத்ததைப் பிள்ளைகள் சாப்பிடாத செய்தி வந்தது. ஆகவே தம்பி, தங்கைகளே, உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போங்கள். ருசிபார்த்த ஆசிரியரின் கையெழுத்து தினமும் இருக்கிறதா என்று பாருங்கள். கடந்த ஐந்து ஆண்டில் மாற்றப்பட்ட சமையலர்கள் யார், என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அந்தக் காரணத்தில் 'ஊர் அமைதி' என்று எழுதியிருந்தால், யாருடைய அமைதி என்று திருப்பிக் கேளுங்கள்.