வாணி ஜெயராம்

வாணி ஜெயராம் (நவம்பர் 30, 1945 – பெப்ரவரி 4, 2023) தென்னிந்தியத் திரைப்படப் பின்னணிப் பாடகி ஆவார். வேலூரில் பிறந்த இவரது இயற்பெயர் கலைவாணி. பாரத ஸ்டேட் வங்கியில் பணிபுரிந்து, பின்னர் அப்பணியைத் துறந்து திரையிசைக்கு வந்தவர். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, மராத்தி உட்படப் பல இந்திய மொழிகளில் பாடியுள்ளார். சிறந்த பின்னணிப் பாடகிக்கான இந்தியத் தேசியத் திரைப்பட விருதை மூன்று முறை பெற்றவர்.

இளமைக் காலம்

வாணி ஜெயராம் பிறந்தபோது வேலூர் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. பாலாற்றை ஒட்டி ஆம்பூர், வாணியம்பாடி வரை நீளும் தோல் பதனிடும் தொழிற்பகுதியின் முக்கிய நகரம் அது. திரைப்படத் தொழிலோ சென்னையிலும் பம்பாயிலும் நிலைகொண்டிருந்தது. பெற்றோர் துரைசாமி ஐயங்கார், பத்மாவதி. இசை ஆர்வமுள்ள குடும்பம் என்பதால் சிறுவயதிலேயே கருநாடக இசை கற்கத் தொடங்கினார். ரங்கராமானுஜ ஐயங்காரிடம் முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் சிலவற்றைக் கற்றார். பின்னர் கடலூர் சீனிவாச ஐயங்கார், டி. ஆர். பாலசுப்பிரமணியன், ஆர். எஸ். மணி ஆகியோரிடம் முறையாகப் பயின்றார். எட்டு வயதில் சென்னை வானொலி நிலையத்தில் பாடினார். இலங்கை வானொலி ஒலிபரப்பிய இந்தித் திரைப்படப் பாடல்களை விரும்பிக் கேட்டு, அவற்றை மனப்பாடமாகப் பாடும் பழக்கம் இவருக்கு இருந்தது.

வங்கிப் பணி

சென்னை இராணி மேரி கல்லூரியில் பட்டம் பெற்ற பின் பாரத ஸ்டேட் வங்கியில் சேர்ந்தார். முதலில் சென்னையிலும், 1967 முதல் ஐதராபாத்திலும் பணியாற்றினார். ஜெயராம் என்பவரை மணந்தபின் பம்பாயில் குடியேறி, அங்குள்ள கிளைக்கு மாற்றல் பெற்றார். இவரது மாமியார் பத்மா சுவாமிநாதன் கருநாடக இசைப் பாடகியும் சமூக சேவகியும் ஆவார். அவர், சேவாசதனம் (1938) திரைப்படத்தில் நடித்த எப். ஜி. நடேச ஐயரின் மகள்.

இவரது குரல்வளத்தை அறிந்திருந்த கணவர், இந்துஸ்தானி இசை கற்குமாறு ஊக்குவித்தார். பாட்டியாலா கரானாவைச் சேர்ந்த உஸ்தாத் அப்துல் ரகுமான் கானிடம் கியால், தும்ரி, கசல், பஜன் ஆகிய வடிவங்களைக் கற்றார். கடுமையான அப்பயிற்சியை அலுவலக வேலையுடன் சேர்த்துத் தொடர இயலாத நிலையில் வங்கிப் பணியை விட்டு விலகினார். அப்போது இவருக்குத் திரைப்பட வாய்ப்பு எதுவும் கிடைத்திருக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

திரையுலக நுழைவு

பின்னணிப் பாடகர் பணி மாதச் சம்பளம் உள்ள பணி அன்று. ஒவ்வொரு பாடலுக்கும் யாரைப் பாடவைப்பது என்பதைப் பெரும்பாலும் இசையமைப்பாளரே முடிவு செய்வார். அக்காலத்தில் பாடகரும் வாத்தியக் குழுவினரும் ஒரே நேரத்தில் இசைக்க, பாடல் முழுமையாக ஒலிப்பதிவு செய்யப்பட்டது. ஒருவர் தவறினாலும் அனைவரும் மீண்டும் இசைக்க வேண்டியிருந்தது. எனவே மெட்டை விரைவில் கற்று, பிழையின்றிப் பாடும் தேர்ச்சி இன்றியமையாததாக இருந்தது. புதியவர்களை இசையமைப்பாளர்கள் எளிதில் அழைக்காததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

1969 ஆம் ஆண்டில் வாணி ஜெயராம் பம்பாயில் தம் முதல் இசை நிகழ்ச்சியை நடத்தினார். அதே ஆண்டில் இசையமைப்பாளர் வசந்த் தேசாயின் அறிமுகம் கிடைத்தது. குமார் கந்தர்வாவுடன் இணைந்து மராத்திப் பாடல் ஒன்றைப் பாடும் வாய்ப்பை அவர் அளித்தார். இருசிகேசு முகர்ஜி இயக்கிய குட்டி (1971) என்ற இந்தித் திரைப்படத்தில் மூன்று பாடல்களைப் பாடவைத்தவரும் அவரே. அவற்றுள் மியான் கி மல்கார் இராகத்தில் அமைந்த "போலே ரே பபீகரா" நாடு முழுவதும் புகழ்பெற்றது. திரைப்பட நடிகர்மீது மயக்கம் கொண்ட ஒரு பள்ளி மாணவி, திரைக்குப் பின்னுள்ள உழைப்பை உணர்வதே இப்படத்தின் கதையாகும்.

முதல் வெற்றிக்குப் பின்னும் இந்தியில் வாய்ப்புகள் பெருகவில்லை. அன்று இந்தித் திரைப்படங்களின் பெண்குரல் பாடல்களில் பெரும்பகுதியை லதா மங்கேஷ்கரும் ஆஷா போஸ்லேயும் பாடிவந்தனர். ஆயினும் ரவிசங்கர் இசையமைத்த மீரா (1979) படத்தில் இவர் பாடிய பாடல்கள் பாராட்டப்பட்டன.

தமிழ்த் திரையிசை

தமிழில் முதன்முதலாக எஸ். எம். சுப்பையா நாயுடுவின் இசையில் தாயும் சேயும் படத்துக்காகப் பாடினார். அப்படம் வெளிவரவில்லை. சங்கர்–கணேஷ் இசையமைத்த வீட்டுக்கு வந்த மருமகள் (1973) படத்தில் டி. எம். சௌந்தரராஜனுடன் பாடினார். ம. சு. விசுவநாதன் இசையில் சொல்லத்தான் நினைக்கிறேன் (1973), தீர்க்க சுமங்கலி (1974) படங்களில் பாடினார். பின்னதில் வாலி எழுதிய பாடல் இவரைத் தமிழ் நேயர்களிடையே நிலைநிறுத்தியது. இதே காலத்தில் பிற தென்னிந்திய மொழிகளிலும் அறிமுகமானார். மலையாளத்தில் சலில் சௌதுரி இசையமைத்த சொப்னம் (1973) இவரது முதற்படம். பின்னர் சென்னையிலேயே குடியேறினார்.

க. பாலசந்தரின் அபூர்வ ராகங்கள் (1975) படத்தில் கண்ணதாசன் எழுதி, விசுவநாதன் இசையமைத்த "ஏழு சுவரங்களுக்குள்" இவருக்கு முதல் தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. படத்தில் மேடைப் பாடகியாக நடித்த ஸ்ரீவித்யாவுக்காக இப்பாடல் அமைந்தது. இரு மரபிலும் பெற்ற பயிற்சி இத்தகைய இராகம் தழுவிய பாடல்களுக்கு இவரைப் பொருத்தமானவராக்கியது.

விருதுகள்

தேசிய விருது பெற்றுத்தந்த படங்கள்:

அபூர்வ ராகங்கள் (தமிழ்) – இசை: ம. சு. விசுவநாதன்
சங்கராபரணம் (தெலுங்கு) – இசை: கே. வி. மகாதேவன்
சுவாதி கிரணம் (தெலுங்கு) – இசை: கே. வி. மகாதேவன்

மீரா படப் பாடலுக்காகப் பிலிம்பேர் விருதும் பெற்றுள்ளார்.

மறைவு

இந்திய அரசு 2023 சனவரியில் இவருக்குப் பத்ம பூசண் விருதை அறிவித்தது. விருதைப் பெற்றுக்கொள்ளுமுன், பெப்ரவரி 4, 2023 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள தமது இல்லத்தில் தமது 77 ஆவது வயதில் காலமானார். கணவர் ஜெயராம் 2018 இல் மறைந்தார்.